வளரும் பருவத்துக்கு முன்பே வீட்டுத் தோட்டத்தைத் திட்டமிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைச் சீரமைத்துத் தோட்டமாக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் செடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த மரம், எந்தப் பூ, எந்தக் கொடி என்று பேசி முடித்த பிறகுதான் தண்ணீர் எங்கே தேங்கும், குழாய் எந்த வழியாகப் போகும் என்ற யோசனை வருகிறது. அதற்குள் நட்டதைப் பிடுங்கி மாற்றி நட வேண்டிய நிலையும் வந்துவிடுகிறது. நீரோட்டம், நிலமட்டம், மண் ஆகிய மூன்றும் முடிவான பிறகே செடிகளின் பட்டியலை எழுத வேண்டும் என்ற அடிப்படையில் கீழுள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

பருவம் தொடங்குவதற்கு எவ்வளவு காலம் முன்பு திட்டமிடத் தொடங்க வேண்டும்?

நான்கு முதல் ஆறு மாதங்கள் இருந்தால் நல்லது. வளரும் பருவம் என்பது குளிர்ப் பகுதிகளில் கடைசி உறைபனி விலகிய பிறகும், பருவமழையை நம்பிய பகுதிகளில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகும் தொடங்குகிறது. எங்கு இருந்தாலும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை. மண்ணின் கார அமில நிலையை மாற்றுவதற்காக இடும் சுண்ணாம்பும் கந்தகமும் வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். வெயிலைக் கொண்டு களையை அழிப்பதற்கு ஆண்டின் மிகச் சூடான நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படும். கல் பாவுதல், சுவர் எழுப்புதல் போன்ற வேலைகள் மண் காய்ந்திருக்கும்போது மட்டுமே ஒழுங்காக நடக்கும். இவற்றில் எதையும் நடவு வாரத்தில் அவசரமாகச் செய்ய முடியாது என்பதால்தான், செடிகள் உறங்கும் காலத்தை நிலத்தின் வேலைக்கு ஒதுக்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை என்ன?

இருப்பதை அளந்து வரைவது. கட்டங்கள் அச்சிட்ட தாளில் 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்ற அளவில் மனையின் எல்லை, வீட்டின் வெளிச்சுவர், கதவு, சன்னல், குழாய், மின்கம்பம், கழிவுநீர்த் தொட்டி, ஏற்கெனவே உள்ள மரங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். மனை சிறியதாக இருந்தால் அந்த அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். ஒரு மரத்தின் இடத்தைச் சரியாகக் குறிப்பதற்கு வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து அதன் தூரத்தை அளந்து, தாளில் அந்த இரண்டு தூரங்களுக்கும் காம்பஸால் வளைவு போட்டால், வளைவுகள் வெட்டும் புள்ளியே மரம் நிற்கும் இடமாகும். கண் மதிப்பில் குறித்த மரம் ஒரு மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். பாதை அந்த ஒரு மீட்டருக்குள்தான் வரப்போகிறது என்றால் வரைபடம் முழுவதும் பிசகிவிடும்.

நிலத்துக்கு அடியில் செல்லும் மின்கம்பி, எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் தடத்தை உரிய துறையிடமோ வீட்டைக் கட்டியவரிடமோ கேட்டு, தனி நிறத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இது முடியும்வரை எங்கும் கடப்பாரை போடாதீர்கள். சுவர், கிணறு, மரம் வெட்டுதல் போன்றவற்றுக்கு உள்ளாட்சியின் அனுமதி தேவையா என்பதையும் இதே கட்டத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி வருவதற்கே சில வாரங்கள் ஆகக்கூடும்.

வெயில் எவ்வளவு விழுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தெளிந்த நாளில் காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளையும் நிழலின் ஓரத்தை முளைக்குச்சி அடித்துக் குறித்து, அந்தக் கோடுகளை வரைபடத்தில் ஏற்றுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர்வெயில் விழும் இடம் முழு வெயில் என்றும், மூன்று முதல் ஆறு மணி நேரம் விழுவது பகுதி வெயில் என்றும், அதற்குக் குறைந்தது நிழல் என்றும் கொள்வது வழக்கம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் பார்க்கும் நிழல் பருவத்துக்கு முந்தைய நிழல். செடி வளரப்போவது வேறொரு நிழலில். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய பகுதிகளில் குளிர்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால் நிழல் நீளும், கோடையில் அதே நிழல் சுருங்கிவிடும். வெப்பமண்டலத்தில் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் உச்சிக்கு வடக்கேயும் மறுபகுதியில் தெற்கேயும் செல்வதால், இன்று நிழலில் குளிர்ந்து கிடக்கும் சுவரோரம் சில மாதங்களில் நேர்வெயிலைப் பெறக்கூடும். இலையுதிர்க்கும் மரம் அருகில் இருந்தால் அது தழைத்த பிறகு விழும் நிழலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆகவே ஒரு நாள் பார்வையோடு நிறுத்தாமல், திட்டமிடும் மாதங்களில் மாதம் ஒரு முறையாவது நிழலைக் குறித்துவாருங்கள்.

மழைநீர் வடிவதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். தோட்டத்தில் செய்யும் மற்ற எல்லாத் தவறுகளையும் அடுத்த ஆண்டு திருத்திவிடலாம். மட்டத்தில் செய்த தவறைத் திருத்துவதற்கு நட்டதையும் பாவியதையும் மீண்டும் கிளற வேண்டியிருக்கும். மேலும், சுவரை நோக்கி ஓடும் நீர் தோட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை, வீட்டின் அடித்தளத்தையும் கெடுக்கிறது.

வீட்டைச் சுற்றி முதல் 3 மீட்டர் தூரத்துக்கு நிலம் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்து செல்ல வேண்டும். கல் அல்லது சிமென்ட் பாவிய தரைக்கு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் (சரிவு) போதும். சுவரோரப் பாத்தியில் மண்ணைக் குவிக்கும்போது, சுவரிலுள்ள ஈரத்தடுப்பு அடுக்குக்கு 15 செ.மீ. கீழேயே மண்ணின் மேல்மட்டம் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் சுவரில் ஏறி உட்புறப் பூச்சு உதிரத் தொடங்கும்.

வாட்டத்தை அளப்பதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே போதுமானது. நிறமற்ற ஒரு நெகிழிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, அதன் ஒரு முனையைச் சுவரோரம் அடித்த முளைக்குச்சியிலும் மறுமுனையை 3 மீட்டர் தள்ளி அடித்த முளைக்குச்சியிலும் பிடித்தால், குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு குச்சிகளிலும் அந்த நீர்மட்டத்தைக் கோடிட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள். சுவரோரம் 50 செ.மீ. என்றும் தொலைவில் 65 செ.மீ. என்றும் வந்தால் வாட்டம் சரியாக இருக்கிறது. தொலைவில் உள்ள அளவு குறைவாக இருந்தால் நீர் வீட்டை நோக்கி வருகிறது என்று பொருள்.

அடுத்ததாக, வடியும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்யுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் நீர் இறங்கும். அதை அண்டை வீட்டு மனைக்குள் தள்ளுவது முறையும் அல்ல, பல இடங்களில் சட்டப்படி குற்றமும் ஆகும். தொட்டியில் சேமிக்கலாம், அல்லது அடித்தளத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி ஒரு பள்ளப் பாத்தி அமைத்து, ஈரத்தையும் வறட்சியையும் மாறி மாறித் தாங்கும் செடிகளை அதில் நடலாம். அந்தப் பள்ளத்தில் நீர் 48 மணி நேரத்துக்குள் மண்ணில் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் நின்றால் வேர் மூச்சுமுட்டும், கொசுவும் பெருகும்.

இவை எல்லாவற்றையும் விட எளிதான சோதனை ஒன்று உண்டு. நல்ல மழை பெய்யும்போது குடையுடன் வெளியே நின்று நீர் ஓடும் வழியைப் பாருங்கள். மழை இல்லாத மாதமாக இருந்தால், குழாயைத் திறந்துவிட்டு நீர் ஓடும் திசையைக் கவனித்து வரைபடத்தில் அம்புக்குறியிடுங்கள்.

மண்ணை எப்படிச் சோதிப்பது? ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டுமா?

வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்துவிடலாம். நான்காவது ஒன்றுக்கு ஆய்வகம் தேவை.

முதலாவது மண்ணின் தன்மை. கல்லும் வேரும் நீக்கிய மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, ஒரு சிட்டிகை சோப்புத்தூளுடன் நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கீழே படிவது மணல். ஓரிரு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாளோ அதற்கு மேலோ கலங்கலாகவே மிதந்து கடைசியில் படிவது களி. பாட்டிலின் பக்கவாட்டில் அடுக்குகளை அளந்தால் எது எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். களி மிகுந்திருக்கிறதே என்று மணலை வாங்கிக் கொட்டுகிறவர்கள் உண்டு. சிறிதளவு மணல் சேர்ந்த களி இளகுவதற்குப் பதிலாக இறுகவே செய்யும். களிமண்ணை இளக்குவதும் மணலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மட்கு உரம்தான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்பது வசதியானது.

இரண்டாவது நீர் இறங்கும் வேகம். 30 செ.மீ. ஆழமும் அகலமும் உள்ள குழி தோண்டி, நீர் நிரப்பி, முழுவதும் வடிய விட்டு, மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்பதே கணக்கு. மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் வடிகால் போதாது. அங்கே மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும் அல்லது ஈரம் தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் அந்த இடம் சீக்கிரம் காயும். குழியின் அடியில் ஜல்லி போட்டால் வடிகால் சரியாகிவிடும் என்று நம்பப்படுகிறது. உண்மையில் ஜல்லிக்கு மேலுள்ள மண் முழுவதும் நனைந்து ஊறும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது, எனவே வேர் முன்னைவிட ஈரத்தில்தான் நிற்கும்.

மூன்றாவது, மண் வேலை செய்வதற்குத் தயாரா என்பது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, பிறகு விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் வெட்டலாம். உருண்டையாகவே நின்று விரல் அழுத்தத்தில் பளபளத்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். ஈரக் களிமண்ணை ஒரு முறை வெட்டி மிதித்துவிட்டால் அது காய்ந்து கட்டிபட்டுவிடும். பழைய பொலபொலப்பு திரும்பப் பருவங்கள் ஆகும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவது சத்துகளையும் கார அமில நிலையையும் அறிவதற்காக. தோட்டத்தின் எட்டுப் பத்து இடங்களில் 15 முதல் 20 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோ அனுப்பினால் போதும். கார அமில நிலையைக் காட்டும் எண்ணே பி.எச்.; பெரும்பாலான செடிகளுக்கு அது 6 முதல் 7 வரை இருப்பது ஏற்றது. இந்த அளவுகோலில் ஒரு எண் வேறுபாடு பத்து மடங்கு வேறுபாடு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 8 என்பது 7-க்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் செடிக்கு அது வெகுதூரம். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாததால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகிவிடும். கந்தகம் இட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் அதை அமிலமாக மாற்றுகின்றன. அவற்றுக்கு ஈரமும் சூடும் காலமும் தேவை. சோதனை முடிவு வராமல் சுண்ணாம்போ கந்தகமோ உரமோ எதையும் ஊகத்தில் இடாதீர்கள்.

புதிதாகக் கட்டிய வீடு. சுற்றிலும் கட்டட இடிபாடுதான் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் சல்லடை போடுங்கள். செங்கல் துண்டு, ஆணி, கம்பி, பெயின்ட் டப்பா ஆகியவற்றோடு சிமென்ட் கரைசல் கொட்டி இறுகிய பகுதிகளையும் பெயர்த்து எடுக்க வேண்டும். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை மிகுந்திருக்கும் என்பதால் சுவரோர மண்ணைத் தனி மாதிரியாக எடுத்துச் சோதிப்பது நல்லது. லாரியும் கலவை இயந்திரமும் நின்ற இடங்களில் மண் கெட்டித்திருக்கும். அங்கே 30 செ.மீ. ஆழத்துக்காவது கிளறி, மட்கு உரம் கலந்து, ஒரு பருவத்துக்குப் பயறுவகை அல்லது புல்வகைப் பசுந்தாள் விதைத்து மடக்கி உழுவது, வெளியிலிருந்து புதுமண் வாங்கிக் கொட்டுவதைவிடப் பல நேரங்களில் மேலானது. இன்னும் கட்டட வேலை தொடங்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேல்மண் 15 முதல் 20 செ.மீ.யை முதலிலேயே வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள். அது உருவாக மிக நெடுங்காலம் ஆகியிருக்கும். அடித்தளக் குழியிலிருந்து வரும் அடிமண்ணுக்குக் கீழே அது புதைந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஏற்கெனவே உள்ள பெரிய மரத்தைச் சுற்றி வேலை செய்யலாமா?

எச்சரிக்கையோடு செய்யலாம். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலுள்ள 60 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கிறது, அது கிளைகளின் பரப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே கிளைகளின் நிழலுக்குள் மண்ணைக் கொட்டி மட்டம் உயர்த்துவதும், பள்ளம் தோண்டுவதும், கற்களை அடுக்கி வைப்பதும், வண்டி நிறுத்துவதும் மரத்தைக் கொல்லும் செயல்கள். உடனே தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மரம் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நுனியிலிருந்து காயும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. வேலை தொடங்கும் முன் கிளைப்பரப்பின் ஓரத்தில் கழி நட்டுக் கயிறு கட்டி, உள்ளே யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

களைகளை முன்கூட்டியே ஒழிக்க முடியுமா?

விதையில் முளைக்கும் களைகளை ஒழிக்கலாம். நிலத்தைச் சமப்படுத்தி நனைத்து, நிறமற்ற நெகிழித்தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் கடும் வெயிலில் விட்டால், மேல்மண்ணிலுள்ள விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கறுப்புத்தாள் மண்ணை இந்த அளவுக்குச் சூடாக்காது. வெயில் குறைந்த பகுதிகளில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பரப்பி, நனைத்து, மேலே மட்கு உரமும் மூடாக்கும் (மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல் போன்றவை) போட்டுச் சில மாதங்கள் விடலாம்.

கோரையும் அறுகும் வேறு வகை. கோரை கிழங்கிலிருந்தும் அறுகு தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் மீண்டும் துளிர்க்கும் என்பதால், இயந்திரக் கலப்பையை ஓட்டினால் துண்டுகள் பெருகிக் களையும் பெருகும். நீர்விட்டு முளைக்கச் செய்து, முள்கரண்டி போன்ற தோட்டக் கவையால் கிழங்கோடும் தண்டோடும் கிண்டி எடுத்து, மீண்டும் நீர்விட்டு, மீண்டும் எடுப்பதைத் தவிரப் பொறுமையான வழி வேறில்லை. நட்ட செடிகளுக்கிடையே இதைச் செய்வது மிகக் கடினம்; வெற்று நிலத்தில் எளிது.

களைத்தடுப்புத் துணியைப் பாத்திக்கு அடியில் விரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரிரு ஆண்டுகளில் அதன்மேல் தூசியும் சருகும் மண்ணாகப் படிந்து, களை அங்கேயே வேர்விட்டுத் துணியில் பின்னிக்கொள்ளும். ஜல்லிப் பாதைக்கு அடியில் மட்டும் அது பயன்படும்.

பாதை, படி, பாத்தி ஆகியவற்றுக்கு என்ன அளவு வைப்பது?

இருவர் சேர்ந்து நடக்கும் பாதைக்கு 120 செ.மீ., ஒருவர் தள்ளுவண்டியுடன் செல்ல 90 செ.மீ., பாத்திகளுக்கிடையே கால் வைத்துச் செல்ல 45 செ.மீ. வெளிப்புறப் படிகள் வீட்டுக்குள் உள்ளவற்றைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், 15 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமும் வசதியாக இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை எட்டும் பாத்தி 60 செ.மீ., இரு பக்கமும் எட்டும் பாத்தி 120 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மண்ணை மிதிக்காமலே வேலை செய்யலாம்.

தாளில் வரைந்ததை முடிவு என்று கொள்ளாமல், தோட்டக் குழாயையோ கயிற்றையோ தரையில் வளைத்துப் போட்டு ஒரு வாரம் அந்த வழியே நடந்து பாருங்கள். வாசலிலிருந்து குழாயடிக்கும் குப்பைத்தொட்டிக்கும் கால் தானாக எந்த வழியில் போகிறதோ அங்கேதான் பாதை அமைய வேண்டும். அழகுக்காக வளைத்த பாதையைக் குறுக்கே கடந்து பாத்தியை மிதித்துச் செல்வார்கள்.

பாசனக் குழாய்களை எப்போது பதிப்பது?

கல் பாவுவதற்கு முன். பின்னாளில் குழாய் எடுத்துச் செல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும், பாதை வரும் ஒவ்வொரு இடத்திலும் அடியில் ஒரு பி.வி.சி. குழாயை வெறுமனே குறுக்கே பதித்து இருமுனையையும் அடைத்துவிடுங்கள். பிற்காலத்தில் பாசனக் குழாயையோ விளக்குக் கம்பியையோ அதன் வழியே நுழைத்துக்கொள்ளலாம். அதன் இடத்தை வரைபடத்தில் குறிக்க மறக்கக் கூடாது.

எத்தனை செடிக்கு நீர் போதும் என்பதற்கு வாளிக் கணக்குப் போதுமானது. 10 லிட்டர் வாளி 30 வினாடியில் நிரம்பினால், குழாய் மணிக்கு 1,200 லிட்டர் தருகிறது. செடியடியில் நீரைச் சொட்டுச் சொட்டாக, மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் 300-ஐ அது தாங்கும் என்று கணக்கு வந்தாலும், முக்கால் பங்கான 225-க்கு மேல் ஒரே நேரத்தில் இணைக்காமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் தேவையென்றால் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி வால்வு வைக்க வேண்டும். அந்தப் பிரிவு செடிகளின் நீர்த்தேவையை ஒட்டி அமைய வேண்டும். தாகம் மிகுந்த செடியையும் வறட்சி விரும்பும் செடியையும் ஒரே வரியில் வைத்தால் இரண்டில் ஒன்று எப்போதும் நலிந்தே இருக்கும்.

செடிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இப்போதுதான் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். வெயில், வடிகால், மண் ஆகிய மூன்றும் வரைபடத்தில் ஏறியிருப்பதால், ஒவ்வோர் இடமும் தனக்குரிய செடியை ஓரளவு தானே சொல்லிவிடும். அந்த நிபந்தனைகளைத் தாங்கும் செடிகளில் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் மிச்சம். உங்கள் பகுதியின் மண்ணிலும் மழையிலும் இயல்பாக வளரும் செடிகளுக்கு முதலிடம் கொடுத்தால் நீரும் பராமரிப்பும் குறையும், அவற்றை நம்பி வாழும் தேனீயும் பட்டாம்பூச்சியும் பறவையும் வரும்.

நாற்றுப்பண்ணையில் முழங்கால் உயரத்தில் நிற்கும் செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் வரும் என்பதைக் கேட்டு, அந்த அகலத்தை வட்டமாக வரைபடத்தில் போடுங்கள். 2 மீட்டர் பரவும் புதருக்கும் 1 மீட்டர் பரவும் புதருக்கும் நடுவே 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். மரத்துக்கும் சுவருக்கும் இடையே, மரம் வளர்ந்த பிறகு வரும் கிளைப்பரப்பின் பாதித் தூரமாவது விட வேண்டும். மேலே மின்கம்பி செல்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் தோட்டம் வெறிச்சோடித் தெரியும் என்பது உண்மைதான். அந்த இடைவெளிகளை ஓராண்டுப் பூச்செடிகளாலும் குறுகிய ஆயுளுள்ள செடிகளாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். நெருக்கி நட்டுவிட்டுப் பிறகு ஒன்றைவிட்டு ஒன்று வெட்டுவது பணத்துக்கும் கேடு, மனத்துக்கும் கேடு.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட சில செடிகள் வேலியைத் தாண்டிக் காட்டையும் நீர்நிலையையும் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து தோட்டச்செடியாக எடுத்துச் செல்லப்பட்ட உண்ணிச்செடி ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் பெருநிலங்களை ஆக்கிரமித்திருக்கிறது. ஆகாயத்தாமரையின் கதையும் அதுவே. ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலை உங்கள் பகுதியின் வேளாண்மைத் துறையிடமோ வனத்துறையிடமோ கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மற்றொன்று நச்சு: அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ இருக்கும் வீட்டில் கை எட்டும் இடத்தில் அது வேண்டாம்.

புல்தரை அவசியமா?

குழந்தைகள் ஓடி விளையாடவோ உட்காரவோ பயன்படும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வெற்றிடத்தை மூடுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம். நீரும் வெட்டும் வேலையும் ஓயாமல் கேட்கும். தரையில் படரும் செடிகளோ மூடாக்கோ அதே இடத்தை எளிதாக மூடிவிடும்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

இடிப்பது, அகற்றுவது, களை ஒழிப்பு. பிறகு மட்டம், வடிகால். பிறகு நிலத்தடிக் குழாயும் கம்பியும். பிறகு சுவர், படி, பாதை. பிறகு பாத்தி மண். பிறகு மரம், புதர், சிறுசெடி, கடைசியாகப் புல். வண்டி போய்வர ஒரே வழிதான் இருக்கிறது என்றால் வீட்டின் பின்புறத்தை முதலில் முடித்துக்கொண்டு வாசலை நோக்கி வர வேண்டும். கனமான வண்டி முதல் முறை ஏறும்போதே மண்ணில் பெருமளவு இறுக்கம் ஏற்பட்டுவிடும் என்பதால், அது செல்லும் தடத்தை ஒன்றாகக் குறித்து, பிற்காலத்தில் பாதை வரப்போகும் இடத்தின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யப் பணம் போதாது. எதைத் தள்ளிப்போடலாம்?

செடிகளையும் பூச்சுகளையும் தள்ளிப்போடலாம்; வடிகாலையும் மட்டத்தையும் தள்ளிப்போடக் கூடாது. நிழல் தரும் மரத்தை மட்டும் முதல் ஆண்டிலேயே நட்டுவிடுங்கள், அதற்கு வேண்டியது காலம். சிறிய கன்றே போதும்; நன்கு பராமரித்தால் விலை கூடிய பெரிய கன்றைவிட அது விரைவாக வேரூன்றும். பாதைக்கு இந்த ஆண்டு ஜல்லி பரப்பித் திமிசுபோட்டு இறுக்கி வைத்தால், பின்னர் அதன்மேலேயே கல் பாவிக்கொள்ளலாம். முழுத் திட்டத்தையும் ஒரே வரைபடத்தில் முடித்துவிட்டு, வேலையை மட்டும் ஆண்டுகளாகப் பிரியுங்கள்.

மட்கு உரமும் மூடாக்கும் எவ்வளவு வாங்குவது?

பரப்பைத் தடிமனால் பெருக்க வேண்டும். 40 சதுர மீட்டர் பாத்திக்கு 5 செ.மீ. மட்கு உரம் என்றால் 40-ஐ 0.05-ஆல் பெருக்க 2 கன மீட்டர் வரும். மூடாக்கு 7 செ.மீ. என்றால் 2.8 கன மீட்டர். முழுதாக மட்காத உரம் தொட்டால் சுடும், அழுகல் நாற்றம் அடிக்கும். அதை இறக்கவிடாமல் திருப்பி அனுப்புங்கள். பச்சை மரத்தூளை மண்ணோடு கலந்தால் அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும்; மேலே பரப்பினால் அவ்வளவு கெடுதல் இல்லை.

நிபுணரை எப்போது அழைக்க வேண்டும்?

ஒரு மீட்டருக்கு மேல் உயரும் தாங்குசுவர், செங்குத்தான சரிவு, வீட்டுக்குள் ஏற்கெனவே ஈரம் ஏறியிருப்பது, பெரிய மரத்தின் கிளையை வெட்டுவது, மின்வேலை ஆகியவற்றுக்குத் தகுதி பெற்றவர் வேண்டும். ஒப்பந்தத்தில் வேலையின் பெயரை மட்டும் எழுதாமல் அளவையும் எழுதச் சொல்லுங்கள். ‘பாதை அமைத்தல்’ என்று இருந்தால் அடியில் ஜல்லி எத்தனை செ.மீ., வாட்டம் எந்தப் பக்கம், மிஞ்சும் மண்ணை யார் அகற்றுவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

நாற்றுப்பண்ணையில் எதைப் பார்த்து வாங்குவது?

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். தொட்டியிலிருந்து செடியை மெல்லக் கழற்றிக் காட்டச் சொல்லி வேரைப் பாருங்கள். வெளிர்நிற வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தால் நல்லது. தடித்த வேர்கள் தொட்டியின் சுவரைச் சுற்றிச் சுற்றி வளைந்திருந்தால் அந்த மரம் பிற்காலத்தில் தன் வேராலேயே நெரிபடும். ஒற்றைத் தண்டு, காயமில்லாத பட்டை, இலையின் அடிப்புறத்தில் பூச்சி இல்லாமை ஆகியவற்றையும் கவனியுங்கள். குழி தயாராகும் முன் செடியை வாங்கி வைப்பதைத் தவிர்க்கவும்.

நடும் நாளில் கவனிக்க வேண்டியவை என்ன?

மேகமூட்டமான நாளோ மாலைப்பொழுதோ நல்லது. குழியின் அகலம் வேர்ப்பந்தைப்போல் (வேரும் அது பற்றியிருக்கும் மண்ணும் சேர்ந்த உருண்டை) இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்துவிடுவதுதான் மரக்கன்றுகள் நாளடைவில் நலிவதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று. தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் வளமான கலவையை நிரப்பினால் வேர் அதைவிட்டு வெளியே வர மறுக்கும். காற்றில் சாயாத கன்றுக்கு முட்டு தேவையில்லை; கட்டினால் தளர்வாகக் கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். மூடாக்கை 5 முதல் 8 செ.மீ. தடிமனில் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்டோடு சேர்த்துக் குவித்தால் பட்டை அழுகும்.

நட்ட பிறகு எத்தனை நாளைக்கு ஒரு முறை நீர் விடுவது?

நாள்கணக்கை நம்பாமல் விரலை நம்புங்கள். நட்ட சில வாரங்களுக்கு வேர்கள் எல்லாம் தொட்டியிலிருந்து வந்த மண்ணுக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள தோட்டமண் ஈரமாக இருக்கும்போதே அந்த வேர்ப்பந்து காய்ந்துபோகலாம். ஆகவே தண்டுக்கு அருகில் வேர்ப்பந்தில் 5 செ.மீ. ஆழம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மெதுவாக ஊறும்படி நீர் விடுங்கள். புதுத்துளிர் தொடர்ந்து வரத் தொடங்கினால் வேர் வெளியே நகர்ந்துவிட்டது என்று கொண்டு, ஒவ்வொரு முறை விடும் நீரைக் கூட்டி, இடைப்பட்ட நாள்களையும் கூட்டலாம். சொட்டுவானையும் அப்போது தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, கிளைகளின் ஓரத்துக்கு நேர் கீழே நகர்த்தி வைக்க வேண்டும். மரக்கன்றுகளுக்கு இதை ஆண்டுதோறும் செய்துவர வேண்டும்.